பழைய ரூபாய்களைக் கணினியில் அடுக்கிப் பார்க்கும்போது தெரிவது அச்சின் வேறுபாடா, கேமராவின் வேலையா?

கேள்வியைச் சுருக்கினால் இது: வீட்டில் இருந்த 1862-ஆம் ஆண்டு விக்டோரியா வெள்ளி ரூபாய்கள் சிலவற்றைக் கைபேசியில் படமெடுத்து, கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ராணியின் முகத்தைப் பொருத்தினால் எழுத்துகள் விலகுகின்றன, எழுத்துகளைப் பொருத்தினால் முகம் விலகுகிறது. ஒரு காசின் பின்பக்கத்தில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிகிறது. இவை எல்லாம் வெவ்வேறு அச்சுகளில் அடித்தவையா, அச்சிலேயே உருவம் இரட்டையாகப் பதிந்த 'டபுள் டை' என்கிறார்களே அதுவா, நல்ல விலைக்குப் போகுமா?

படங்களைப் பார்க்காமலே ஒன்றைச் சொல்லிவிடலாம். முகம் பொருந்தும்போது எழுத்து விலகுவதும், எழுத்து பொருந்தும்போது முகம் விலகுவதும் பெரும்பாலும் கேமரா சாய்ந்திருந்ததன் அடையாளம். ஆண்டு எண் இரட்டையாகத் தெரிவதைப் பற்றி அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே காசை எடுத்துக்கொண்டு ஒரு படம் எடுங்கள். காசைக் கையில் எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்து இன்னொரு படம் எடுங்கள். இந்த இரண்டையும் அடுக்குங்கள். ஒரே காசுதான், ஒரு முடி அளவுகூட வித்தியாசம் இருக்கக் கூடாது. ஆனால் இருக்கும். அந்த வித்தியாசம் எவ்வளவோ, அதுதான் உங்கள் ஏற்பாட்டின் பிழையளவு. இரண்டு வெவ்வேறு காசுகளை ஒப்பிடும்போது அந்த அளவுக்குக் குறைவாகத் தெரிகிற எதையும் நம்பாதீர்கள். நாணய வேறுபாடுகள் என்று ஆர்வத்தோடு காட்டப்படும் படங்களில் பல இந்த ஒரு சோதனையைத் தாண்டாது.

சாய்வு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் விட்டம் ஏறத்தாழ 30.5 மில்லிமீட்டர். காசு கேமராவுக்கு 5 பாகை சாய்ந்திருந்தால், சாய்ந்த திசையில் விட்டம் கிட்டத்தட்ட 0.12 மில்லிமீட்டர் குறுகித் தெரியும். படத்தில் காசு 3000 புள்ளி (பிக்சல்) அகலத்துக்கு இருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 100 புள்ளிகள். ஆகவே 12 புள்ளி விலகல். அதோடு போகவில்லை. கைபேசியைப் பத்து சென்டிமீட்டர் நெருக்கத்தில் பிடித்திருந்தால், சாய்வினால் காசின் ஒரு விளிம்பு நடுப்பகுதியைவிட 1.3 மில்லிமீட்டர் அருகில் வந்துவிடும். அந்த விளிம்பு 1.3 சதவீதம் பெரிதாகவும், எதிர் விளிம்பு அதே அளவு சிறிதாகவும் விழும். நாற்பது சென்டிமீட்டர் தள்ளி நின்று எடுத்தால் இதே பிழை 0.3 சதவீதமாகச் சுருங்கிவிடும். அதனால்தான் 'இன்னும் நெருங்கி எடுங்கள்' என்ற அறிவுரை நாணயத்துக்குப் பொருந்தாது. தள்ளி நின்று, கைபேசியில் இருமடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்தி, அசையாத தாங்கியில் வைத்து எடுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸை விரும்புவதற்கும் இந்தத் தள்ளி நிற்கும் வசதியே முக்கியக் காரணம்.

சாய்வை நீக்க எளிய வழி ஒன்று உண்டு. காசு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியைத் தட்டையாக வையுங்கள். கேமரா திரையில் லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரியும்வரை கேமராவைச் சரிசெய்யுங்கள். நடுவில் வந்துவிட்டால் கேமராவும் மேடையும் இணையாகிவிட்டன என்று பொருள். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டுக் காசை வைக்கலாம். நீர்மட்டக் கருவிகளைவிட இது துல்லியம், செலவும் இல்லை.

ஸ்கேனரில் வைத்து எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். எடுக்கலாம், சாய்வுப் பிரச்சினை அங்கே கிடையாது. 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 47 புள்ளிகள், ஒரு ரூபாய்க்கு சுமார் 1440 புள்ளிகள் கிடைக்கும். வகை பிரிக்க இது போதும். ஆனால் மெல்லிய, மலிவான ஸ்கேனர்கள் கண்ணாடியைத் தொடும் பரப்பை மட்டுமே தெளிவாகக் காட்டும். காசின் குழிந்த தளம் மங்கிவிடும். சற்றுத் தடிமனான பழைய சிசிடி வகை ஸ்கேனர் இருந்தால் நல்லது.

அடுத்தது வெளிச்சம். சாய்வைவிட இதுதான் அதிகம் ஏமாற்றும். நாணயத்தின் படம் என்பது உண்மையில் நிழல்களின் படம். விளக்கு இடது மேலிருந்து வந்தால் எழுத்தின் வலது கீழ்ப் பக்கம் கறுக்கும். காசைச் சற்றே திருப்பினால் நிழல் வேறு பக்கம் போகும். மென்பொருள் நிழலைத்தான் ஒப்பிடும், வெள்ளியை அல்ல. எனவே விளக்கின் இடம் கேமராவைப் பொறுத்து மட்டுமல்ல, காசின் வடிவமைப்பைப் பொறுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். ராணியின் முகம் ஒவ்வொரு படத்திலும் நேராக நிற்கும்படி காசை வைத்த பிறகே எடுங்கள். 'பின்னால் கணினியில் திருப்பிக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டால் நிழலும் சேர்ந்து திரும்பிவிடும். முடிந்தால் ஒவ்வொரு காசுக்கும் விளக்கை நான்கு திசைகளில் மாற்றி நான்கு படங்கள் எடுங்கள். ஒரே திசைப் படங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நான்கு திசையிலும் நிலைத்து நிற்கும் வேறுபாடு உலோகத்தில் இருக்கிறது. ஒரு திசையில் மட்டும் வந்து மறைவது நிழல்.

படம் பளிச்சென்று வர வேண்டும் என்று காசைப் புளி போட்டோ விபூதி போட்டோ தேய்த்துவிடாதீர்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்கு ஆகும் வைத்தியம் நாணயத்துக்கு ஆகாது. மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய கோடுகள்தான் அச்சைப் பற்றிப் பேசும் சாட்சிகள். தேய்த்தால் அவை போய்விடும், விலையும் போய்விடும். கறுப்பு தொந்தரவாக இருந்தால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இனி மென்பொருள். கிம்ப் இலவசம், இந்த வேலைக்குப் போதும். முதல் படத்தைத் திறந்து, இரண்டாவதை அதன்மேல் லேயராக, அதாவது தனி அடுக்காக, திறக்கச் சொல்லுங்கள். மேல் லேயரின் ஒப்பாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) அளவை 50 சதவீதத்துக்குக் குறையுங்கள். இப்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும். பொருத்துவதற்கு இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றுக்கொன்று முடிந்தவரை தொலைவில் இருக்கட்டும். பின்பக்கத்தில் 'ருபீ' என்ற சொல்லின் முதல் எழுத்தின் இடது காலும், 'இந்தியா' என்பதன் கடைசி எழுத்தின் வலது காலும் ஆகும். முதல் புள்ளியைப் பொருத்துங்கள். அதையே சுழல்மையமாக வைத்து இரண்டாவது புள்ளி பொருந்தும்வரை திருப்புங்கள்.

காசின் விளிம்பை வைத்துப் பொருத்த வேண்டாம். அச்சடிக்கும்போது காசாகப் போகும் வெற்று உலோக வில்லை சற்று விலகி உட்கார்ந்திருக்கலாம், விளிம்பு தேய்ந்திருக்கலாம். நம் ஊர்களில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பழைய ரூபாய்களில் பல, ஒரு காலத்தில் காதுவளையம் பற்றவைக்கப்பட்டுக் கழுத்தில் கிடந்தவை. வளையத்தை எடுத்து ராவி மறைத்திருப்பார்கள். ராணியின் தலைக்கு நேர் மேலே விளிம்பு தட்டையாக இருந்தாலோ, அங்கே மட்டும் வெள்ளியின் நிறம் வேறாக இருந்தாலோ அதுதான்.

பொருத்தும்போது நகர்த்தலாம், திருப்பலாம், எல்லாப் பக்கமும் சமமாகப் பெரிதாக்கலாம் அல்லது சிறிதாக்கலாம். இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் செய்யாதீர்கள். மூலைகளை இழுத்து நீட்டிச் சரிசெய்யும் கருவிகள் எல்லா மென்பொருளிலும் இருக்கின்றன. அவற்றை வைத்து எந்தக் காசையும் எந்தக் காசோடும் பொருத்திவிடலாம், பிறகு ஒப்பீட்டுக்குப் பொருளே இருக்காது. போட்டோஷாப்பில் லேயர்களைத் தானாகப் பொருத்தும் வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் அதில் 'கொலாஜ்' என்ற தேர்வை எடுக்க வேண்டும். 'ஆட்டோ' என்று விட்டால் அதுவாகப் படத்தை வளைக்கும். அறிவியலாளர்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருளான இமேஜ்ஜே-யிலும் இதே எச்சரிக்கை: அதன் ஸ்டாக்ரெக் என்ற இணைப்பில் 'ஸ்கேல்டு ரொட்டேஷன்' போதும், படத்தைச் சாய்த்து நீட்டும் 'அஃபைன்' வேண்டாம்.

பொருத்தியாயிற்று. இப்போது பலர் 'டிஃபரன்ஸ்' என்ற முறைக்குத் தாவுகிறார்கள். ஒன்றாக இருப்பது கறுப்பாகவும், வேறாக இருப்பது வெளிச்சமாகவும் தெரியும் அந்தப் படம் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் தேய்மானம், கறை, நிழல் எல்லாவற்றையும் அது ஒரே மாதிரி வெளிச்சம் போட்டுக் காட்டும். என் தேர்வு அதைவிடப் பழைய முறை. ஒப்பாசிட்டியை 100-க்கு ஏற்றிவிட்டு, மேல் லேயரின் பக்கத்தில் இருக்கும் கண் குறியை மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஒன்றாக இருப்பது அசையாமல் நிற்கும், வேறாக இருப்பது துள்ளும். 1930-இல் கிளைட் டாம்போ லோவெல் ஆய்வகத்தில் புளூட்டோவைக் கண்டுபிடித்தது இப்படித்தான்; சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு வான்படத் தகடுகளை மாற்றி மாற்றிக் காட்டும் கருவியில், ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கிடையே ஒன்று மட்டும் இடம் மாறியது. வெளிச்ச வேறுபாட்டைக் கண் தானாகவே ஒதுக்கிவிடும், அசைவை விடாது.

சரி, ஏதோ துள்ளுகிறது. அது என்ன? இங்கேதான் மென்பொருள் கைவிரிக்கும், நாணயச்சாலையின் வேலைமுறை தெரிந்தால்தான் மேலே போகலாம். இயந்திர நாணயத்தில் வேறுபாடு நான்கு கட்டங்களில் நுழைகிறது. புடைப்பு வடிவம் கொண்ட ஒரு எஃகுத் துண்டு இருக்கும். சேகரிப்பவர்கள் அதை ஹப் என்பார்கள். அதை இன்னொரு எஃகில் அழுத்திக் குழிவான அச்சுகளைச் செய்வார்கள். ஒரு ஹப்பிலிருந்து பல அச்சுகள் வரும். ஒவ்வொரு அச்சும் உடையும்வரை காசு அடிக்கும். கடைசியாக, காசு வெளியே வந்து ஊர் சுற்றும். ஹப், அச்சு, அடி, ஊர். துள்ளுகிற ஒவ்வொன்றையும் இந்த நான்கில் எது செய்தது என்று கேட்க வேண்டும்.

ஹப் மாறியிருந்தால் வேறுபாடு வடிவமைப்பிலேயே இருக்கும், அந்த வகையைச் சேர்ந்த எல்லாக் காசுகளிலும் ஒரே மாதிரி இருக்கும். 1862 ரூபாயில் ராணியின் உடையின் முன்பகுதி வேலைப்பாட்டையும், பின்பக்க மலர்ச்சுற்றின் உச்சியில் உள்ள பூவின் இதழ்களையும் வைத்து வகை பிரிப்பது இதனால்தான். உங்கள் காசுகளில் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டு இடங்கள். ஹப் மாற்றத்துக்குப் பேர்பெற்ற உதாரணம் ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாய். அரசர் அணிந்திருக்கும் அங்கியின்மேல் ஒரு சங்கிலி, அதில் சிறு யானை. 1911 காசில் அந்த யானையின் துதிக்கை குட்டையாக விழுந்துவிட, மக்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்தது, காசு திரும்பப் பெறப்பட்டது. 1912-இல் யானையைத் திருத்தினார்கள். இரண்டு ஆண்டுக் காசுகளையும் அரசரின் மூக்கையும் காதையும் வைத்துப் பொருத்தி மாற்றி மாற்றிப் பாருங்கள். முகமும் கிரீடமும் அப்படியே நிற்க, மார்பில் அந்தச் சிறு விலங்கின் துதிக்கை மட்டும் நீண்டு சுருங்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஜோடி கிடையாது. 1912 காசு எளிதாகக் கிடைக்கும்; 1911-க்கு நல்ல தெளிவான படம் ஒன்று கிடைத்தால் பயிற்சிக்குப் போதும்.

அச்சின் மட்டத்தில் நுழைபவை நுணுக்கமானவை. 1862 ரூபாய் ஆராய்ச்சிக்கு இவ்வளவு பேரை இழுப்பதற்குக் காரணமே இதுதான். கம்பெனி ஆட்சி முடிந்து, அரசியின் நேரடி ஆட்சியில் இந்தியாவில் வெளிவந்த முதல் ரூபாய் இது. ஆனால் 1874 வரை ஆண்டை மாற்றவேயில்லை. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அடித்த காசுகள் அத்தனையும் 1862 என்றே சொல்கின்றன. சில காசுகளின் பின்பக்கத்தில், மலர்ச்சுற்றுக்குள், சின்னஞ்சிறு புள்ளிகள் இருக்கும். எண்ணிக்கையும் இடமும் காசுக்குக் காசு மாறும். உண்மையில் எந்த ஆண்டில் அடித்தது என்பதற்கான ரகசியக் குறி அவை என்பது நாணயவியலாளர்களின் கருத்து. தேய்ந்த காசில் அந்தப் புள்ளிகளை எண்ணுவது பெரும்பாடு. அழுக்கும் புள்ளியாகத் தெரியும், புள்ளியும் அழுக்காகத் தெரியும். இங்கே அடுக்கிப் பார்ப்பது பெரிய உதவி: நல்ல நிலையில் உள்ள, புள்ளிகள் தெளிவான ஒரு காசின் படத்தை அடியில் வையுங்கள், எழுத்துகளைப் பொருத்துங்கள், மேலே உங்கள் தேய்ந்த காசு. புள்ளி இருந்தாக வேண்டிய இடத்தில் ஒரு மேடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். வேறு இடத்தில் உள்ள மேடு பெரும்பாலும் கறை அல்லது அடிபட்ட தடம்.

எழுத்துகள் அப்படியே நிற்க ஒரு சிறு குறி மட்டும் துள்ளுகிறது என்றால், அந்தக் குறி ஹப்பில் இல்லை, அச்சில் தனியாகக் குத்தப்பட்டது என்று ஊகிக்கலாம். அமெரிக்க நாணயங்களில் எந்த நாணயச்சாலை என்று காட்டும் எழுத்தை 1980-களின் இறுதிவரை இப்படிக் கையால்தான் அச்சு அச்சாகக் குத்தினார்கள். அதனால் அங்கே ஒவ்வோர் அச்சையும் அந்த எழுத்தின் இடத்தை வைத்தே அடையாளம் காண்கிறார்கள்.

அச்சில் விழும் விரிசல் இன்னொரு பரிசு. அச்சில் விரிசல் குழியாக இருக்கும், காசில் மெல்லிய மேட்டுக் கோடாக ஏறும். ஒரே இடத்தில் விரிசல் உள்ள இரண்டு காசுகள் ஒரே அச்சின் பிள்ளைகள். ஒன்றில் கோடு எழுத்தின் காலோடு நின்று, மற்றதில் விளிம்புவரை ஓடினால், எது முன்னால் அடித்தது, எது பின்னால் என்றுகூடச் சொல்லிவிடலாம். மேட்டுக் கோடா, கீறலா என்பதில் மட்டும் கவனம் தேவை. கீறல் உலோகத்துக்குள் இறங்கும்; விரிசலும், அச்சை மெருகேற்றும்போது விழும் கோடுகளும் உலோகத்துக்கு மேலே நிற்கும். விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிந்தால் நிழலைப் பார்த்துப் பிரித்துவிடலாம். சராப்புக்கடைக்காரர் வெள்ளியைச் சோதிக்கக் குத்திய சிறு முத்திரைகளையும் பழைய ரூபாய்களில் அடிக்கடி பார்க்கலாம். அவை நான்காவது கட்டம், ஊர் செய்த வேலை.

இப்போது உங்கள் இரட்டை ஆண்டு எண். உண்மையான டபுள் டை என்பது அச்சு செய்யும்போதே நேர்ந்த பிழை. அந்நாளில் ஹப்பை ஒரே அழுத்தில் முழுதாகப் பதிக்க முடியாது. எஃகு இறுகிவிடும், அதைச் சூடாக்கிப் பதப்படுத்தி மறுபடி அழுத்த வேண்டும். இரண்டாம் முறை சற்றே திரும்பியிருந்தால் எழுத்துகள் இரட்டையாகப் பதியும். அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் அடித்த 1955 லிங்கன் சென்ட் இதற்கு உலகறிந்த சாட்சி; ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும். 20,000-க்கும் மேற்பட்டவை புழக்கத்துக்குப் போய்விட்டன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இதற்கு வேடமிட்டு வருவது இன்னொன்று. இயந்திரத்தில் அச்சு இறுக்கமாக இல்லாமல் ஆடினால், அடித்த கணத்தில் அச்சு சறுக்கி, புதிதாக எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக்கிவிடும். இதுவும் இரட்டையாகத்தான் தெரியும். ஆனால் இது அடியின் பிழை, அச்சின் பிழை அல்ல. சேகரிப்பவர்களிடம் இதற்கு மதிப்பில்லை.

இரண்டையும் பிரிக்க மென்பொருள் உண்மையாகவே கைகொடுக்கும். உங்கள் இரட்டை எண் காசையும், அதே வகையில் சாதாரணமான இன்னொரு காசையும் பொருத்திவிட்டு, அளவுகோல் கருவியை எடுத்து '8' என்ற எண்ணின் கோட்டுத் தடிமனை இரண்டிலும் அளந்து பாருங்கள். டபுள் டை என்றால் இரண்டு முறை பதிந்த எண். எனவே மொத்தத் தடிமன் சாதாரண எண்ணைவிட அதிகமாக இருக்கும், இரண்டு உருவங்களும் உருண்டையாக, ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும், மூலைகளில் சிறு பிளவு தெரியும். சறுக்கல் என்றால் இருந்த எண்ணையே அரிந்து ஓரத்தில் படி வெட்டியதுபோல் இருக்கும். மொத்தத் தடிமன் சாதாரண எண்ணின் அளவைத் தாண்டாது, உயர்ந்து நிற்கும் பகுதி மெலிந்திருக்கும். அந்தப் படி தட்டையாகவும் பளபளப்பாகவும் இருப்பதையும் பார்க்கலாம். பெரும்பாலான 'டபுள் டை' காசுகள் இந்த இடத்தில் சறுக்கல் என்று தெரிந்துவிடும். இன்னொரு சான்றும் உண்டு: உண்மையான டபுள் டை அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் அச்சு அசலாகத் திரும்ப வரும். சறுக்கல் காசுக்குக் காசு மாறும்.

சுதந்திர இந்தியக் காசுகளில் இதே வேலையைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கல்கத்தா. தேய்ந்த வைரம் மூலை மழுங்கிப் புள்ளியாகிவிடும், அழுக்கு அடைந்த நட்சத்திரமும் அப்படியே. சந்தேகம் வந்தால் அதே ஆண்டின் தெளிவான மும்பைக் காசையும் நொய்டாக் காசையும் அடியில் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். குறியின் உச்சி தேய்ந்தாலும், தளத்தைத் தொடும் அடிக்கோடு அவ்வளவு எளிதில் தேயாது. விளக்கைத் தாழ்த்தி, காசின் தளத்தை உரசிக்கொண்டு வருவதுபோல் வைத்தால் அந்த அடிவடிவம் வெளிப்படும்.

அடுக்கிப் பார்ப்பதன் மிகப் பெரிய பயன், என்னைக் கேட்டால், வேறுபாட்டைத் தேடுவதில் இல்லை. போலிகளைப் பிடிப்பதில்தான். அங்கே கேள்வி தலைகீழாகிறது: இருக்கக் கூடாத ஒற்றுமை இருக்கிறதா? உண்மையான இரண்டு காசுகள் ஒரே அச்சில் பிறந்திருக்கலாம். ஆனால் பிறகு ஊர் சுற்றியபோது பட்ட அடிகள் ஒரே இடத்தில் இருக்க வாய்ப்பில்லை. ஒரு நல்ல காசிலிருந்து படியெடுத்துப் போலி அச்சு செய்தால், அந்த மூலக்காசின் கன்னத்தில் இருந்த பள்ளமும் சேர்ந்து படியும். அந்த அச்சில் அடித்த அத்தனை போலிகளின் கன்னத்திலும் அதே பள்ளம் இருக்கும். ஒரே வியாபாரியிடம் வாங்கிய இரண்டு 'அரிய' காசுகளை அடுக்கி, கண் குறியை அழுத்தும்போது கீறலும் பள்ளமும்கூட அசையாமல் நின்றால், பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

வார்ப்புப் போலிகளுக்கு வேறு சோதனை. உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் வார்த்த போலி மூலத்தைவிட ஒன்று முதல் இரண்டு சதவீதம் சிறிதாக வரும். 30.5 மில்லிமீட்டர் காசில் அது 0.3 மில்லிமீட்டருக்கு மேல். கண்ணுக்குத் தெரியாது, அடுக்கினால் தெரியும். ஆனால் பொருத்தும்போது இரண்டையும் ஒரே அளவாக்கிவிட்டால் இந்தச் சாட்சியை நீங்களே அழித்துவிட்டீர்கள். போலி என்ற சந்தேகம் இருந்தால் அளவை மாற்றவே கூடாது. ஒவ்வொரு படத்திலும் காசின் பக்கத்தில், அதன் மேற்பரப்பின் உயரத்திலேயே, ஒரு எஃகு அளவுகோல் இருக்கட்டும். அதை வைத்து மட்டும் அளவைச் சமப்படுத்துங்கள். எடையையும் பாருங்கள். 11.66 கிராம் என்பது நியமம், தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையலாம்.

ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் மிக அரியது என்பதால், வேறு ஆண்டுக் காசின் கடைசி எண்ணைத் திருத்தியவையும் உலவுகின்றன. உண்மையான 1939-இன் படத்தோடு பொருத்தி, கடைசி எண்ணின் வளைவையும் முந்தைய எண்ணிலிருந்து அதன் தூரத்தையும் பாருங்கள். ராமர், அனுமார் படம் போட்ட 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' காசை வைத்துக்கொண்டு ஒப்பிடக் காசு தேடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு: கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவேயில்லை, எந்த மென்பொருளும் அதற்குத் தேவையில்லை.

கையால் அடித்த பழங்காசுகளுக்கு வந்தால் விதிகள் மாறிவிடும். ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், கை அருகே நாகரி எழுத்தில் பெயர். பிற்கால இலங்கை அரசர்களும் இதே அமைப்பைப் பின்பற்றினார்கள். இங்கே ஹப் என்று ஒன்று கிடையாது, ஒவ்வோர் அச்சும் தனித்தனியாகக் கையால் வெட்டியது. எனவே இரண்டு காசுகள் வேறுபடுவது செய்தியே அல்ல, பொருந்தினால்தான் செய்தி. பொருந்தினால் இரண்டும் ஒரே அச்சு, ஒரே பட்டறை, கிட்டத்தட்ட ஒரே காலம். செப்பு வில்லை அச்சைவிடச் சிறிதாக இருந்ததால் பல காசுகளில் உருவமும் எழுத்தும் பாதிதான் விழுந்திருக்கும். ஒரே அச்சின் காசுகள் நாலைந்து கிடைத்தால் அவற்றை அடுக்கி, ஒன்றில் இல்லாததை இன்னொன்றிலிருந்து எடுத்து, எந்தத் தனிக்காசிலும் முழுதாக இல்லாத அந்த அச்சின் முழு முகத்தைத் திரையில் வரவழைக்கலாம். மேல் அச்சு சம்மட்டி அடி வாங்கி சீக்கிரம் உடையும், பட்டடையில் பதிந்த கீழ் அச்சு நீடிக்கும்; ஆகவே ஒரே கீழ் அச்சோடு வெவ்வேறு மேல் அச்சுகள் சேர்ந்து வருவதைப் பார்க்கலாம். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே காசுகளை வரிசைப்படுத்துகிறார்கள். இதற்கு ஒப்பாசிட்டி முறையே போதும்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: படத்தை 'மேம்படுத்தும்' செயற்கை நுண்ணறிவு வசதிகள். கைபேசிகள் கேட்காமலே இதைச் செய்கின்றன. மங்கலான இடத்தில் இழைகளை அவையாக வரைந்து நிரப்பும்; நீங்கள் அதை அச்சின் மெருகுக் கோடு என்று நினைத்து உட்கார்ந்திருப்பீர்கள். முடிந்தால் ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே சேமிக்கும் கோப்பாக, எடுங்கள், கூர்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், மூலப் படத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு நகலில் வேலை செய்யுங்கள்.

விலையைக் கேட்டிருந்தீர்கள். 1862 ரூபாய் ஏராளமாக அடித்த காசு. தேய்ந்த சாதாரணக் காசுக்கு அதிலுள்ள வெள்ளி, அதாவது 10.69 கிராம், அதற்குச் சற்று மேல் என்பதுதான் அடிப்படை. அதற்கு மேலே போவது முதலில் காசின் நிலையைப் பொறுத்தது, பிறகுதான் வகையும் புள்ளிகளும். இரட்டை எண் காசில் '8'-இன் தடிமனை அளந்து, சாதாரணக் காசைவிட அதிகம் என்று வந்தால், நான்கு திசை வெளிச்சத்தில் எடுத்த படங்களோடு நாணயவியல் தெரிந்த ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். அதுவரை யாருக்கும் விற்காதீர்கள். தடிமன் கூடவில்லை என்றால் மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிட்டு, புள்ளிகளை எண்ண உட்காருங்கள்.